பொதி இல்லையென்கிறதா கணினி? ஊவாத் தோட்டத்து வீட்டுக்கு ஏற்ற வழி எது

பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உபுண்டு ஏற்றிய பழைய மடிக்கணினி. ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக்க டெசராக்டின் தமிழ்ப் பொதியைக் கேட்டால், அப்படியொரு பொதியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது திரை. வீட்டுக்கு இணையமென்றால் கைபேசி டேட்டாதான். மலை மறைத்தால் அதுவும் இல்லை.

ரீலோட் போட ஓடுமுன் செலவில்லாத சோதனைகள் உண்டு. முதலாவது, பெயர். பழைய குறிப்புகள் தமிழ் எழுத்துருவுக்கு 'டிடிஎஃப்-தமிழ்-ஃபான்ட்ஸ்' என்ற பொதியைச் சொல்லும். இன்று அது 'ஃபான்ட்ஸ்-டாம்ல்'. உபுண்டுவின் பொதி நிறுவியான ஏபிடியின் 'ஏபிடி சர்ச்' கட்டளை கணினியில் ஏற்கெனவே இருக்கும் பொதிப் பட்டியலில்தான் தேடுகிறது, இணையம் வேண்டாம். இரண்டாவது, உபுண்டு களஞ்சியத்தின் 'யூனிவர்ஸ்' பிரிவு திறந்திருக்கிறதா என்பது. டெசராக்டின் தமிழ்ப் பொதி அங்கேதான் இருக்கிறது. மூன்றாவது, உபுண்டு பதிப்பின் ஆயுள். 23.10 போன்ற இடைக்காலப் பதிப்புக்கு 9 மாத ஆதரவுதான். அது முடிந்ததும் பொதிகள் பழைய பதிப்புகளின் களஞ்சியத்துக்குப் போய்விடும். 24.04-க்கு 2029 வரை வழக்கமான ஆதரவு உண்டு. தோட்டத்துக் கணினிக்கு இத்தகைய நீண்டகாலப் பதிப்பே பொருத்தம்.

சிக்னல் இருந்தால் ஏபிடியே போதும். எவ்வளவு இறக்க வேண்டுமென்று முன்கூட்டியே காட்டி, சம்மதம் கேட்ட பிறகுதான் பெரும்பாலும் தொடங்கும். டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் வீட்டுக்கு இது பெரிய உதவி.

சிக்னலே இல்லாத இடத்துக்கு 'ஏபிடி-ஆஃப்லைன்' கருவிக்கு நிகரில்லை. வீட்டுக் கணினி தனக்கு வேண்டியதை ஒரு சிறிய கோப்பில் எழுதித் தரும். அதைப் பென் டிரைவில் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ கொண்டுபோய், இதே கருவியுள்ள வேறொரு கணினியில் இறக்கி வந்து நிறுவலாம். சார்ந்த பொதிகளும் கூடவே வரும். தனி டெப் கோப்பாகத் தேடி இறக்குபவர் ஒன்று விட்டுப்போய் மறுபடி பஸ் ஏறுவார். ஆனால் பட்டியல் மிகப் பழையதென்றால் இதற்கும் இரண்டு நடை வேண்டும்: முதல் நடை பட்டியலுக்கு, அடுத்தது பொதிக்கு. கருவியையும் முதலில் ஒரு தடவை வீட்டுக் கணினியில் ஏற்றியாக வேண்டும்.

ஃபிளாட்பாக் என்ற வேறொரு நிறுவல் முறை மென்பொருள்களின் புதிய பதிப்புகளைத் தரும். என்றாலும் முதல் மென்பொருளோடு அடித்தளப் பொதியும் இறங்கும். அதுவே நூற்றுக்கணக்கான மெகாபைட். நகரத்து வைஃபைக்கு அது சரி, தோட்டத்து டேட்டாவுக்குச் சரிப்படாது. யாரென்று தெரியாதவர் நடத்தும் களஞ்சியத்தைச் சேர்ப்பதை அடியோடு தவிர்க்க வேண்டும். அது கணினியின் முழு அதிகாரத்தையும் அவர் கையில் கொடுப்பதாகும்.

ஏபிடி-ஆஃப்லைன் கோப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியபின், திரும்பி வரும்வரை அந்தக் கணினியில் எதையும் நிறுவவோ நீக்கவோ வேண்டாமென்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.