பேர் வைக்கும் முன்: புதிதாய்ப் பூனை வளர்ப்போருக்குப் பதினொரு யோசனைகள்

கெடாவில் பூனையைத் தேடிப்போய் வாங்குகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் பூனைதான் நம்மைத் தேடி வரும். சுங்கை பட்டாணி தாமானில் கார் போர்ச்சுக்குள் ஒரு குட்டி ராத்திரியெல்லாம் கத்தும். பாடாங் செராயில் மீன் வாங்கப் போன பையன் ஒன்றைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவருவான். பீடோங் பக்கத்துத் தோட்டத்தில், யாருக்கும் தெரியாமல் அடுப்படிச் சாக்குக்குள் ஒன்று குட்டி போட்டிருக்கும். மறுநாள் விடிந்ததும் வீட்டில் சண்டை: என்ன பேர் வைப்பது? பிள்ளைகள் கொரிய நடிகர் பேரைச் சொல்வார்கள், அப்பா காற்பந்து வீரர் பேரைச் சொல்வார், அம்மா "முதலில் அதை வெளியே விடுங்கள்" என்பார்.

தோட்டத்து லயத்தில் பிறந்து, தாமான் வீட்டில் கிழமாகிக்கொண்டிருக்கும் நான், கேட்டு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பூனையின் பேர் பிறருக்குச் சொல்லிக்காட்ட அல்ல, நாம் கூப்பிட.

1. அவசரப்படாதீர்கள்

குட்டி வந்த அன்றைக்கே பேர் வைக்க வேண்டும் என்று எந்தச் சாத்திரமும் இல்லை. இன்று பார்க்கிற குட்டி அல்ல அடுத்த மாதம் பார்க்கப்போவது. எல்லாக் குட்டிக்கும் பிறந்த புதிதில் கண் நீலமாகத்தான் இருக்கும். ஆறேழு வாரத்துக்குப் பிறகுதான் பச்சையோ மஞ்சளோ தெரியும். சயாம் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், நம் பக்கத்துப் பூனைகளில் சயாம் கலப்பு உண்டு. சயாமியக் குட்டி பிறக்கும்போது வெள்ளை வெளேரென்று இருக்கும். வளர வளர உடம்பில் சூடு குறைந்த இடங்களான காது, மூக்கு, பாதம், வால் எல்லாம் கறுத்துவிடும். "வெள்ளச்சி" என்று பேர் வைத்தவர்கள் பிறகு வருகிறவர்களிடமெல்லாம் கதை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

பொறுத்திருந்தால் பேர் தானாக வரும். எங்கள் லயத்தில் ஒரு கடுவன் இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆள் கூடும்போது திண்ணையில் உட்கார்ந்து, போகிறவர்களை ஒவ்வொருவராகத் தலை திருப்பிப் பார்க்கும். கடைசி ஆள் போனதும் எழுந்து சோம்பல் முறித்துக்கொண்டு உள்ளே போய்விடும். தோட்டத்துக் கிராணி ஆள் கணக்கு எடுப்பது போலவே இருக்கும். அதற்குக் "கிராணி" என்று பேர் விழுந்தது. யார் வைத்தது என்று யாருக்கும் தெரியாது. நல்ல பேர் அப்படித்தான் விழும்.

2. ஆணா பெண்ணா என்று பார்த்துவிட்டு வையுங்கள்

குட்டியில் இது எளிதில் தெரியாது. வாலைத் தூக்கிப் பாருங்கள்: இரண்டு துவாரங்களுக்கும் இடைவெளி கூடுதலாக இருந்தால் கடுவன், நெருக்கமாக இருந்தால் பெட்டை. நிறமும் கொஞ்சம் சொல்லும். வெள்ளை, கறுப்பு, செம்மஞ்சள் மூன்றும் கலந்த பூனை ஏறக்குறைய எப்போதும் பெட்டைதான். முழுச் செம்மஞ்சள் பூனைகளில் பெரும்பாலானவை கடுவன். செம்மஞ்சளைத் தரும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதே காரணம். அது எந்த மரபணு என்பதை ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டும் தனித்தனியே ஆராய்ந்து 2025இல் வெளியிட்டன.

சந்தேகமாக இருந்தால் இருபாலுக்கும் பொருந்தும் பேராக வையுங்கள். "முருங்கை", "நெத்திலி", "மிளகு" என்று வைத்தால் பின்னால் மாற்ற வேண்டிய வேலை இல்லை.

3. வாய்க்கு அடங்குகிற பேராக இருக்கட்டும்

இரண்டு அசை போதும். மூன்று தாராளம். நீளப் பேர் வைத்தவர்கள் எல்லாரும் கடைசியில் அதைச் சுருக்கித்தான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சுருக்கத்தை முதலிலேயே வைத்துவிடலாமே.

நம் ஊரில் பேருக்கும் வாய்க்கும் நடந்த சண்டை பழையது. கெடா ரப்பர்த் தோட்டங்களின் பேரைப் பாருங்கள்: ஹார்வர்ட், டப்ளின், ஸ்கார்பரோ, விக்டோரியா, ஹென்ரியெட்டா. பேர் வைத்தவர்கள் அங்கே பால் வெட்டியவர்கள் அல்ல. நம் பாட்டிமார் அந்தப் பேர்களைத் தங்கள் நாக்குக்கு ஏற்ப வளைத்து, ஒடித்து, சொந்தமாக்கிக்கொண்டார்கள். உங்கள் வீட்டுப் பூனையும் அப்படித்தான். இணையத்தில் பார்த்த பிரெஞ்சுப் பேரை உங்கள் அம்மாச்சியால் சொல்ல முடியாது என்றால், அந்தப் பூனை அம்மாச்சியிடம் வராது. பகல் முழுக்க வீட்டில் இருந்து அதற்குச் சோறு வைப்பவர் அம்மாச்சிதான். ஆகவே, வீட்டில் மூத்தவரையும் இளையவரையும் பேரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இருவர் வாயிலும் ஒன்றுபோல் வந்தால் அது சரியான பேர்.

4. விரட்டும் சத்தம் வேண்டாம், புழங்கும் சொல்லும் வேண்டாம்

பூனையை விரட்ட நாம் "சூ" என்கிறோம். இன்னொரு பூனையைக் கண்டால் பூனையே "ஸ்ஸ்" என்று சீறுகிறது. மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். பூனைக்கு 60,000ஐயும் தாண்டிக் கேட்கும். அந்தக் காதுக்கு "சூசூ", "சுசி" என்பவை அன்பாகப் படுமா, அதட்டலாகப் படுமா என்று யோசியுங்கள்.

வீட்டில் தினம் நூறு தடவை சொல்லும் சொல்லும் ஆகாது. தோட்டத்தில் "பால்" என்றால் குடிக்கிற பால் மட்டும் அல்ல. பால் மரம், பால் வெட்டு, பால் எடுக்கும் நேரம், பால் ஸ்டோர் என்று விடிந்ததிலிருந்து அந்தப் பேச்சுத்தான். அங்கே பூனைக்குப் "பாலு" என்று பேர் வைத்தால் ஒன்று நாள் முழுக்கத் தலை திருப்பிக்கொண்டே இருக்கும், அல்லது நிஜமாகக் கூப்பிடும்போதும் திரும்பாது. இரண்டாவதுதான் நடக்கும்.

5. பக்கத்து வீட்டுக் காதாலும் கேட்டுப் பாருங்கள்

நாம் வாழ்வது மூன்று மொழி நடுவே. வாசலில் நின்று உரக்கக் கூப்பிடப்போகும் பேர் மலாய்க்காரர் காதில் எப்படி விழும் என்று பார்க்க வேண்டும். "மதி" அழகான தமிழ்ப் பேர். மலாயில் அது சாவு. வேலியோரம் நின்று "மதி, மதி" என்று கத்தினால் பக்கத்து வீட்டு மாக்சிக் பதறிப்போவார். மாலதியைச் சுருக்கி "மாலு" என்றால் வெட்கக்கேடு என்று ஆகும். "பாபி" என்ற பேரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது பன்றி. கம்போங் ஓரத்தில் குடியிருப்பவர் அதை நினைத்துக்கூடப் பார்க்கக்கூடாது.

அதே நேரம், மலாய்க்காரர் வீட்டில் பூனைக்குக் கிடைக்கிற மரியாதை நமக்கெல்லாம் பாடம். நபியின் தோழர்களில் ஒருவர் அபூ ஹுரைரா. பூனைக்குட்டி மேல் வைத்த பாசத்தால் வந்த பேர் அது என்பார்கள். அவர்கள் செம்மஞ்சள் பூனையை "ஓயேன்" என்பதும், பட்டை போட்டதைப் "பெலாங்" என்பதும், திட்டுத் திட்டாய் இருப்பதைத் "தொம்பொக்" என்பதும் நாம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். பூனை வேலி தாண்டிப் போனாலும் அங்கேயும் அதே பேர்தான் இருக்கும்.

6. சாமி, முன்னோர், அடுத்தவர் பேர்களைத் தள்ளி வையுங்கள்

பூனையை நாம் கொஞ்சுவதோடு நிற்பதில்லை, திட்டவும் செய்கிறோம். கருவாட்டைத் திருடும், சோபாவைக் கிழிக்கும், துவைத்து மடித்து வைத்த வேட்டியில் படுக்கும். அப்போது வாயில் வருகிற வார்த்தையோடு முருகன் பேரோ, இறந்துபோன பெரியப்பா பேரோ சேர்ந்து வரக்கூடாது. மலாய்க்காரர் நடுவே நபிமார் பேர்களும் அப்படித்தான், விளையாட்டுக்குக்கூட வேண்டாம்.

அக்கம்பக்கத்தாரின் பேரும் வேண்டாம். லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். இங்கே தும்மினால் அங்கே "நூறு வயது" என்பார்கள். தாமானிலும் சுவர் செங்கல் ஆனதே தவிர காது மாறவில்லை. மேலே சொன்ன பூனை கிராணியைப் பற்றி நிஜக் கிராணி என்ன நினைத்தார் என்று எங்களில் யாரும் கேட்கப் போகவில்லை.

7. அடையாளத்தைச் சொல்லுங்கள், இளக்காரம் வேண்டாம்

நிறத்தை வைத்துப் பேர் வைப்பது நம் வழக்கம். செவலை, சாம்பல், புள்ளி எல்லாம் நல்ல பேர்களே. உடம்பின் குறியையும் சொல்லலாம். நம் நாட்டுப் பூனைகளில் பலவற்றுக்கு வால் குட்டையாக, நுனியில் முடிச்சு விழுந்தாற்போல் இருக்கும். யாரோ வெட்டிவிட்டார்கள் என்று சிலர் நினைப்பார்கள், அது பிறவி. மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பர்மாவிலும் பூனைகளுக்கு இப்படி இருப்பதைச் சார்லஸ் டார்வின் 1868இல் வெளியிட்ட நூலிலேயே எழுதியிருக்கிறார். "முடிச்சு" என்று பேர் வைத்தால் அது டார்வின் வரைக்கும் தெரிந்த பெருமை.

ஆனால் கறுப்புக் குட்டிக்குக் "கருவாச்சி" என்று சிரித்துக்கொண்டே பேர் வைக்கும்போது, அதைக் கேட்டபடி வீட்டில் ஒரு கறுத்த பெண்பிள்ளை நிற்கிறாளா என்று பாருங்கள். பூனைக்கு அது வெறும் சத்தம். அவளுக்கு அப்படி இல்லை. கறுப்புப் பூனைக்கு "மிளகு" இருக்கிறது, "கார்மேகம்" இருக்கிறது, "கோப்பி ஓ" இருக்கிறது. குறுக்கே போனால் சகுனம் என்ற பேச்சையும் அதோடு விட்டுவிடுங்கள்.

8. ஒரு வீட்டில் ஒரு பேர்

பூனைக்கு மூன்று பேர் வேண்டும் என்று 1939இல் ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட் பாட்டு எழுதினார். லயத்துப் பூனைக்கு அதுவும் போதாது. வீட்டுக்கு வீடு ஒரு பேர். எந்த வீட்டில் மீன் பொரிக்கிறார்களோ அந்த வீட்டுப் பேருக்குத் திரும்பும்.

ஆனால் பூனை உண்மையிலேயே தன் பேரைக் கற்க வேண்டுமானால் எல்லாரும் ஒரே பேரைச் சொல்ல வேண்டும். ஜப்பானில் அட்சுகோ சைத்தோ என்ற ஆய்வாளரும் குழுவினரும் 78 பூனைகளை வைத்துச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். அதே நீளமுள்ள நான்கு வேறு சொற்களைப் பூனைக்குக் கேட்கவிட்டு, கடைசியில் அதன் பேரைச் சொன்னார்கள். முதல் சொற்களுக்குச் சலித்துப்போயிருந்த பூனைகள், பேர் வந்ததும் காதை அசைத்தன, தலையைத் திருப்பின. அந்நியர் குரலில் சொன்னபோதும் அப்படியே. ஆனால் பல பூனைகளும் பல வாடிக்கையாளர்களும் இருக்கும் பூனைக் காப்பிக்கடையில், தன் பேருக்கும் கூட இருக்கும் பூனையின் பேருக்கும் அவை வித்தியாசம் காட்டவில்லை. இரண்டு பூனை வளர்க்கிறவர்களும் கவனியுங்கள்: "மின்னி", "சின்னி" என்று எதுகை பார்த்து வைத்துவிட்டு, வரவில்லையே என்று குறைப்படாதீர்கள்.

9. பேரோடு நல்லதை மட்டும் சேருங்கள்

தட்டில் சோறும் மீனும் வைப்பதற்குச் சற்று முன்னால் பேரைச் சொல்லுங்கள். கிட்ட வந்ததும் வையுங்கள். தினமும் இதே வரிசை. திட்டும்போது பேரைச் சொல்லாதீர்கள். குளிப்பாட்டவோ மருந்து கொடுக்கவோ வேண்டுமென்றால் பேர் சொல்லிக் கூப்பிடாமல் நீங்களே போய்த் தூக்குங்கள்.

இது விளையாட்டுக்குச் சொல்வது அல்ல. தோட்டத்து ஓரத்தில் குடியிருக்கிறோம். செம்பனைக்குள் மலைப்பாம்பு உண்டு. எலிக்கு வைத்த விஷம் உண்டு. தாமான் பக்கம் என்றால் லோரி. பொழுது சாயும் நேரத்தில் வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் ஓடிவந்து உள்ளே நுழைகிற பூனைதான் பல வருடம் இருக்கும்.

10. காது கேட்கிறதா என்று பாருங்கள்

இரண்டு கண்ணும் நீலமாக இருக்கும் முழு வெள்ளைப் பூனைகளில் பல, பிறவியிலேயே செவிடு. முதுகுப் பக்கம் நின்று தட்டைத் தட்டிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள். அதற்கும் பேர் வையுங்கள், கூப்பிடத் தரையைத் தட்டுங்கள். அதிர்வு அதற்குத் தெரியும். அதை மட்டும் வெளியே விடாதீர்கள்.

11. பேர் வைத்தவரே சோறும் வைக்க வேண்டும்

பேர் வைத்த பிறகு அது தெருப்பூனை இல்லை. அந்தப் பேர் கிளினிக்கில் தடுப்பூசி அட்டையில் எழுதப்படும். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அந்தப் பேரை உரக்கக் கூப்பிடுவார்கள், நீங்கள் எழுந்து போக வேண்டும். 2015இல் கெடா, பெர்லிஸ், பினாங்கு மூன்றிலும் நாய்களிடம் வெறிநோய் தலைகாட்டியது நினைவிருக்கலாம். தடுப்பூசியை அலட்சியம் செய்யாதீர்கள்.

பெட்டைப் பூனை நாலு மாதத்திலேயே சினையாகலாம்; ஒன்பது வாரத்தில் குட்டி போட்டுவிடும். அந்தக் குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்து விடியற்காலையில் பசார் ஓரத்தில் விட்டுவிட்டு வருகிறவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். யாராவது மீன்கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே பிள்ளைகளே, பேர் எதுவானாலும் சரி, காலத்தில் கருத்தடை செய்துவிடுங்கள். கடுவனுக்கும்தான். அதற்கு மனமோ வசதியோ இல்லை என்றால், இப்போதைக்குப் பூனையும் வேண்டாம், பேரும் வேண்டாம்.