வீட்டினுள் வளரும் வேட்டை நாய்க்கு விளையாட்டு

கோம்பை, சிப்பிப்பாறை முதலிய நம் பக்கத்து நாய் ஜாதிகள் காட்டுப்பன்றியையும் முயலையும் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. மேனாட்டு டெரியரும் வளையிலுள்ள எலியையும் நரியையும் பிடிக்க ஏற்பட்டதே. 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டமும், 1991-ல் அதற்குச் செய்த திருத்தமும் அவ்வேட்டைகளைத் தடுத்துவிட்டன. நாயின் சுபாவமோ மாறவில்லை. மதுரை நகரத்துச் சிறு வீட்டில் கட்டுண்டு கிடக்கும் குட்டி செருப்பையும் கட்டில் காலையும் குதறுவது இதனாலேயாம். அடிப்பதில் யாதொரு பிரயோஜனமுமில்லை.

நான்காம் மாதம் முதல் ஏறக்குறைய ஏழாம் மாதம் வரை பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்குமாதலால், அக்காலத்தில் கடிப்பது குட்டிக்கு அவசியமாகிறது. பழைய பருத்தித் துணியை இறுக முறுக்கிப் பெரிய முடிச்சுகளிட்டுக் கொடுக்கலாம். நூல் பிரிந்தவுடன் அகற்றிவிடுக. விழுங்கிய நூல் குடலைக் கெடுக்கும். பந்து வாய்க்குள் அடங்காத பருமனுள்ளதாயிருத்தல் வேண்டும். வெந்த எலும்பு சிம்பாகப் பிளக்குமாதலால் கூடவே கூடாது.

எல்லாவற்றிலும் மேலானது தேடும் விளையாட்டு. தினசரி உணவில் ஒரு பங்காகக் கேழ்வரகுக் களியைச் சிறு உருண்டைகளாக்கி, கவிழ்த்த கொட்டாங்கச்சிகளுள் சிலவற்றின்கீழ் ஒளித்து, நாயை மோப்பம் பிடிக்க விடுக. முதல் நாள் அதன் கண்ணெதிரே ஒளிக்கவேண்டும். பழகியபின் வேறு அறையில் ஒளிக்கலாம். கால்மணி நேரம் மூக்கால் உழைத்த நாய் தானே படுத்துக்கொள்ளும். சிப்பிப்பாறை பெரும்பாலும் பார்வையால் வேட்டையாடுவது. அதற்குக் கந்தையொன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துக் காட்டுதல் நலம். வழவழப்பான சிமெண்டுத் தரையாயின் சாக்கு விரித்துக்கொள்க.

சித்திரை, வைகாசி வெயிலில் ஓட்டம் ஆகாது. நாய் பெரும்பாலும் இரைத்தே உடற்சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஆகையால் விடியுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னுமே விளையாடவிட்டு, அருகில் தண்ணீர் வைத்திருக்கவேண்டும். முடிந்ததும் கொட்டாங்கச்சிகளை எடுத்துவிடுக. விட்டுவைத்தால் அவற்றையும் கடித்துச் சில்லுகளை விழுங்கும்.