தளர்ந்த பெரியவரை எங்கே, எப்படிப் பார்த்துக்கொள்வது?

வீட்டில் ஆள் வைப்பதா, முதியோர் இல்லமா? பிள்ளைகள் கூடிப் பேசும் முன் பெரியவரிடமே கேளுங்கள். பிறகு ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள்: குளிக்க, கழிப்பறை போக, உடுத்த, சாப்பிட, கட்டிலை விட்டு எழ, எதற்கெல்லாம் கை கொடுக்க வேண்டியிருக்கிறது? இரவில் எத்தனை முறை எழுகிறார்? இரவுக் கணக்குதான் முக்கியம். பகலுக்கு மட்டும் ஆள் போட்டுவிட்டு, ராத்திரியெல்லாம் மகளோ மருமகளோ விழித்திருப்பது நியாயமே இல்லை.

வீட்டிலேயே பார்த்துக்கொள்வது என்றால், தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

இல்லம்தான் என்றால், சொல்லாமல் சாப்பாட்டு வேளையில் போய்ப் பாருங்கள். இரவுப் பணியில் எத்தனை பேர், அவசரத்துக்கு எந்த மருத்துவமனை என்று கேளுங்கள். முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை.