நீரும் நீதியும்

தொண்டை நாட்டு உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி. பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, ஊராட்சி வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை வாயிலாகத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். முன்னர் வாரியப் பணி செய்து கணக்குக் காட்டாது ஒழிந்தவர், மறுமுறை அப்பணிக்கு உரியவராகார் என்பது அங்குக் காணப்படும் விதிகளுள் ஒன்று. ஏரியைக் காக்கும் வாரியமும் விதிக்கு அடங்கியே நடத்தல் வேண்டும் என்பது அக்காலத்தார் கருத்து. ஆயிரம் ஆண்டு கடந்தும் அச்சொல் வழக்கிறந்து போகவில்லை. 1982 ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பெயரில் அது இன்றும் வாழ்கின்றது.

முற்காலத்தில் நீரைப் பற்றி எழுந்த வழக்குகள் பெரும்பாலும் அளவைப் பற்றியன. எவர் வயலுக்கு முதலில் மடை திறப்பது, எவ்வளவு நேரம் பாய்ச்சுவது என்பனவே ஊரார் கூடிப் பேசிய செய்திகள். தொழிற்சாலைகள் பெருகிய பின்னர், நீரின் தூய்மையைப் பற்றிய வழக்கும் அதனுடன் சேர்ந்துகொண்டது. கிணறு நிறைய நீர் இருந்தும் பருகவும் பயிரிடவும் இயலாத நிலை உண்டாயிற்று. பாலாற்றங்கரை மக்கள் இதனைப் பட்டறிந்தவர்கள்.

பாலாறு கருநாடகத்து நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தின் வழியே வந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்ப் பகுதிகளைக் கடந்து, வயலூருக்கு அருகில் கடலொடு கலக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் அவ்வாற்றில் மணலே காட்சி தரும். ஆயினும் மணலின் அடியில் நீரோட்டம் உண்டு. கரையிலுள்ள கிணறுகள் அதனை நம்பியே வெட்டப்பட்டவை. இவ்வாற்றின் பக்கத்தே தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்து வருகின்றது. பண்டு ஆவாரம்பட்டை முதலியவற்றால் தோலைப் பதப்படுத்தினர். பின்னர்க் குரோமிய உப்பினால் பதனிடும் முறை பரவியது. கறியுப்பு, சுண்ணாம்பு, குரோமியம் முதலியன கலந்த கழிவுநீர் திறந்த வெளியிலும் ஓடைகளிலும் விடப்பட்டது. அது மண்ணுள் ஊறி, அடிநீரோட்டத்தையும் கெடுத்தது.

இத்தகைய கேட்டைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. நமது அரசமைப்பில் நீர் மாநிலங்களுக்குரிய பொருளாகும். ஆதலின், மாநிலங்கள் சில தீர்மானம் நிறைவேற்றி வேண்டிக்கொண்ட பின்னரே, நாடாளுமன்றம் 1974 ஆம் ஆண்டில் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. வாரியத்தின் இசைவாணை பெறாமல் கழிவுநீரை ஆற்றிலோ கிணற்றிலோ நிலத்திலோ விடலாகாது என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. இசைவு கேட்டு வரும் விண்ணப்பத்தின்மீது நான்கு திங்களுக்குள் ஒன்றும் கூறாதிருந்தால், இசைவு அளித்ததாகவே கொள்ளப்படும் என்றும் அச்சட்டம் வகுத்தது. அலுவலகத்தில் ஒரு கோப்பு உறங்கினால், அவ்வுறக்கமே உத்தரவு ஆகிவிடும்!

இங்கேதான் அரசின் சட்ட அலுவலர்கள் பணி தொடங்குகின்றது. நீதிமன்றத்தில் எழுந்து வாதிடுவது மட்டுமே அவர்கள் தொழில் என்று பலர் எண்ணுவர். உண்மையில் அப்பணியின் பெரும்பகுதி, வழக்கு எழுவதற்கு முன்னரே நடந்து முடிந்துவிடுகின்றது. கழிவுநீர் மாதிரி எடுக்கும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். வாரிய அலுவலர் ஒருவர் ஆலைக்குச் சென்று ஒரு குப்பியில் நீரை முகந்து வந்துவிட்டால் அது சான்றாகாது. நீரை ஆய்வுக்கு அனுப்பப் போவதாக அவ்விடத்திலேயே ஆலைப் பொறுப்பாளருக்கு அறிவிப்புத் தருதல் வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டு பங்காகப் பிரித்தல் வேண்டும். இரண்டு கலங்களையும் அடையாளமிட்டு முத்திரை வைத்து, இருவரும் ஒப்பமிடுதல் வேண்டும். ஒரு கலம் வாரியத்தின் ஆய்வுக்கூடத்திற்குச் செல்லும். ஆலையுடையார் வேண்டினால் மற்றொன்று வேறோர் ஆய்வுக்கூடத்திற்குச் செல்லும். பொறுப்பாளர் வேண்டுமென்றே வாராது ஒழிந்தால், அலுவலர் தாமே ஒப்பமிட்டு, அச்செய்தியையும் ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். இவற்றுள் ஒன்று பிழைத்தாலும், அந்நீரில் எத்துணை நஞ்சு இருப்பினும், ஆய்வு முடிவை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று தோன்றலாம். ஓர் ஆலையை மூடினால் முதலாளிக்கு இழப்பு; அதனினும் பெரிதாக, அங்கு உழைக்கும் மக்களின் அடுப்பு அணையும். எனவே அரசு தன் சொல்லை மெய்ப்பித்தாக வேண்டும். 1988 ஆம் ஆண்டுத் திருத்தத்தினால், ஆலையை மூடவும் மின்சாரத்தையும் நீரையும் நிறுத்தவும் ஆணையிடும் அதிகாரம் வாரியத்திற்குக் கிடைத்தது. அதிகாரம் பெரிதாயின் அதனைக் காட்டும் எழுத்தும் செம்மையாக இருத்தல் வேண்டும். எந்த விதி மீறப்பட்டது, எந்நாளில் மீறப்பட்டது, ஆலையுடையார் கூறிய மறுப்பு யாது, அதனை ஏற்காமைக்குக் காரணம் யாது என்பனவெல்லாம் ஆணையில் அமைதல் வேண்டும். மூத்த சட்ட அலுவலர் ஒருவர் இளையோர் எழுதிய வரைவைப் படிக்கும்போது தேடுவன இவையே. சினந்து எழுதிய ஆணை மேல்முறையீட்டில் நிற்பதில்லை. காரணம் காட்டி எழுதிய ஆணையே நிற்கும்.

பாலாற்றங்கரைக்கு மீள்வோம். வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் 1991 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். அவர்கள் பொருட்டு எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் வாதிட்டார். நீதிபதிகள் குல்தீப் சிங், பைசானுத்தீன், கே. வெங்கடசாமி ஆகியோர் 1996 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28 ஆம் நாள் தீர்ப்பு வழங்கினர். தோல் ஒரு கிலோவைப் பதனிடச் சராசரியாக 35 லிட்டர் நீர் செலவாகின்றது என்றும், தோல் ஆலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் சிறிதளவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாது போயிற்று என்றும் அத்தீர்ப்பில் காணலாம். தோல் ஏற்றுமதி நாட்டிற்கு அயல்நாட்டுச் செலாவணியை ஈட்டித் தருவதையும், பலர்க்கு வேலை அளிப்பதையும் நீதிபதிகள் மறுக்கவில்லை. ஆயினும் அந்நன்மையைக் காட்டிச் சூழலை அழிக்கும் உரிமை எத்தொழிலுக்கும் இல்லை என முடிவு செய்தனர். தீங்கு வருமுன் தடுத்தல், மாசு செய்தவரே அதன் செலவை ஏற்றல் என்னும் இரண்டு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என்று அவர்கள் உரைத்தது, பின்வந்த வழக்குகள் பலவற்றிற்கு அடிப்படையாயிற்று.

ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர்த் திங்கள் 30 ஆம் நாளுக்குள் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேரவோ, தனியே ஒன்று அமைக்கவோ வேண்டும் என்று ஆணை பிறந்தது. இழப்பைக் கணக்கிட்டு ஈடு வாங்கித் தர, ஓர் ஆணையத்தை அமைக்குமாறு மத்திய அரசுக்குக் கட்டளை சென்றது. தொடர்ந்து கண்காணிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை ஆயம் ஒன்று அமையலாம் என்றும் கூறப்பட்டது.

தீர்ப்பு எழுதியவுடன் கிணற்று நீர் இனித்துவிடவில்லை. ஆணையம் நிலங்களை அளந்து, சர்வே எண் வாரியாகப் பட்டியலிட வேண்டியிருந்தது. எந்த வயல் எந்தக் கழிவால் கெட்டது, எவ்வளவு விளைச்சல் குறைந்தது, எவர் எவ்வளவு தருவது என்பன எளிய கணக்குகள் அல்ல. 2001 ஆம் ஆண்டில் 29,000-க்கு மேற்பட்ட குடும்பத்தார்க்கு, 26 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொகை ஈடாக வரையறுக்கப்பட்டது. அதன் பின்னும் தொகை போதாது என்போரும், தொகை மிகுதி என்போரும் நீதிமன்றங்களை நாடினர். சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. எனினும் மாசு அறவே நீங்கவில்லை. உழவர் சிலர் வழக்கின் முடிவைக் காணாமலே முதுமை அடைந்திருப்பர்.

இவ்வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்தை அடைந்து, 2025 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30 ஆம் நாள் மற்றொரு தீர்ப்பைப் பெற்றது. ஈடு பெறாத குடும்பத்தார்க்கு அரசே முதலில் அத்தொகையை வழங்கி, பின்னர் மாசு செய்தாரிடமிருந்து தண்டிக்க வேண்டும் என்று நீதிமன்றம் பணித்தது. முன்னாள் நீதிபதி ஒருவர் தலைமையில் குழு அமைத்து ஆற்றையும் ஆலைகளையும் தணிக்கை செய்யவும் ஆணையிட்டது. ஆணை நிறைவேறியதா எனப் பார்ப்பதற்காக வழக்கைத் தன்கையிலேயே வைத்துக்கொண்டது. பாலாற்றங்கரையில் மாதிரிக் குப்பிகளுக்கு முத்திரை வைக்கும் பணி இன்னும் முடியவில்லை.