பங்குனி வெயில்: நோர்வூட் மலைக்கும் மைதானத்துக்கும்

நோர்வூட்டிலும் வெயிலா என்று சிரிக்க வேண்டாம். காலைப் பிரட்டுக்குப் போகும்போது உடம்பு கம்பளி கேட்கிறது. பதினொரு மணிக்குக் கூடையோடு நிற்கையில் வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்ப எச்சரிக்கை பெரும்பாலும் அநுராதபுரம், வவுனியா பக்கத்துக்கே வருவதால் நம்மவர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் உழைக்கும் தசை செலவிடும் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூடாகவே மாறுகிறது. காற்று குளிர்ந்திருந்தாலும் பாரத்தோடு ஏற்றம் ஏறுபவர், மைதானத்தைச் சுற்றி ஓடுபவர் உடம்பில் அந்தச் சூடு சேர்ந்துகொண்டே போகும்.

முதலில் கவனிக்க வேண்டியது நீண்ட இடைவெளிக்குப் பின் மலைக்குத் திரும்புபவர்களை: காய்ச்சலில் படுத்து எழுந்தவர், பிரசவ விடுமுறை முடிந்தவர், கொழும்பு வேலையை விட்டு வந்தவர். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். விட்டால் பழக்கமும் சில வாரங்களில் போய்விடும். புதியவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் வெயில், பிறகு நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டு என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம், என்கிற இடத்தில் இது கேலியாகத்தான் ஒலிக்கும். ஆனாலும் முதல் வாரத்தில் அவர்களை நிழல் மரமுள்ள மலைக்கு அனுப்பக் கணக்கப்பிள்ளையால் முடியும்.

இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பைத் தண்ணீர் குடியுங்கள். வெறுந்தேத்தண்ணியும் கணக்கில் சேரும். சட்டை நனைந்து உப்புப் பூத்தால் ஜீவனி கரைத்துக் குடிக்கலாம். மலையில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகப் பெண்கள் தாகத்தை அடக்குகிறார்கள். இதற்குத் தீர்வு புத்திமதி அல்ல, கழிப்பறை. தோட்ட நிர்வாகத்திடம் இந்த மாதமே கேளுங்கள்.

கர்ப்பிணிகள் பத்து மணிக்குமேல் வெயிலில் நிற்கவே வேண்டாம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து ஆராய்ந்து, கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பு என 2024இல் வெளியிட்டது. அவர்களில் பலர் வயலிலும் செங்கற்சூளையிலும் உப்பளத்திலும் உழைத்தவர்கள். நம் மலையில் வெப்பம் அவ்வளவு இல்லைதான். ஏற்றமும் பாரமும் இருக்கின்றன.

பாடசாலை அதிபர்களுக்கு: 2024 மார்ச்சில் திருக்கோவிலில் மரதன் ஓடிய 16 வயது மாணவர் உயிரிழந்ததை மறக்க வேண்டாம். நெடுந்தூர ஓட்டத்தைக் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். பிரதம விருந்தினர் பிந்தினால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவைக்காதீர்கள். அவர் தனியாக வரட்டும்.

ஓடியவரோ உழைத்தவரோ தள்ளாடினால், பேச்சுக் குழறினால், வியர்வை வழிந்தாலும் வெப்ப அதிர்ச்சி என்றே எடுங்கள். 2001இல் பயிற்சியின்போது வெப்ப அதிர்ச்சிக்கு ஆளாகி இறந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஆய்வகம் வலியுறுத்துவது இதுதான்: முதலில் குளிர வையுங்கள், பிறகு வாகனத்தில் ஏற்றுங்கள். அமெரிக்காவின் ஃபால்மத் ஓட்டப் போட்டியில் 18 ஆண்டுகளில் இப்படி விழுந்த 274 பேரை அங்கேயே பனிநீரில் அமிழ்த்தினார்கள், ஒருவரும் சாகவில்லை.

நமக்குப் பனிநீர்த் தொட்டி இல்லை, பீலித் தண்ணீர் இருக்கிறது. படங்கில் கிடத்தி, நான்கு மூலையையும் தூக்கிப் பிடித்து, தலை மட்டும் வெளியே இருக்க நீரை நிரப்பி அசையுங்கள். வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். ஒருவர் 1990ஐ அழைக்கட்டும். முதல் அரை மணி நேரமே உயிரைத் தீர்மானிக்கிறது. டிக்கோயா வைத்தியசாலைக்குப் போக லொறி தேடி அதைக் கழிக்காதீர்கள். அம்புலன்ஸ் வரும்வரை ஊற்றிக்கொண்டே இருங்கள்.