சிறுநீர்ச் சோதனையும் இருதயப் பாதுகாப்பும்

இரத்தக் கொதிப்புடைய இருவருக்கு அழுத்தம் ஒரே அளவாக இருப்பினும், இருதய நோய்க்கான அபாயம் ஒரே அளவாக இருப்பதில்லை. இவ்வேறுபாட்டை உணர்த்தும் அடையாளங்களுள் இரண்டு சிறுநீரகத்திலிருந்து கிடைக்கின்றன.

சிறுநீரகத்தையும் இருதயத்தையும் தொடர்புபடுத்தி நோக்கிய முன்னோடி, லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ரிச்சர்டு பிரைட் என்னும் மருத்துவர் ஆவார். சிறுநீரகம் கெட்டு இறந்தோர் பலருக்கு இருதயமும் பருத்திருந்ததை அவர் 1836-ல் எடுத்துக்காட்டினார்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இவை இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்னும் புரதத்தைப் பெரும்பாலும் வெளியே விடுவதில்லை. அழுத்தம் நெடுநாள் மிகுந்திருப்பின் நுண்குழாய்களின் உட்சுவர் பழுதடைந்து, ஆல்புமின் சிறுநீரில் கசிகிறது. இத்தகைய பழுது இருதயம், மூளை ஆகியவற்றின் குழாய்களிலும் நேர்ந்திருக்கக்கூடும். ஆகவே ஆல்புமின் கசிவு உடல் முழுவதற்குமான ஓர் எச்சரிக்கை எனலாம்.

சிறுநீரில் 1 கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவாக ஆல்புமின் இருப்பது இயல்பு. 30 முதல் 300 வரை மிதமான கசிவு. அதற்கு மேற்பட்டது கடுமையானது. மிதமான கசிவைச் சாதாரணச் சோதனைத்தாள் காட்டாது போகலாம். இரண்டாவது அடையாளம், இரத்தக் கிரியாட்டினின், வயது, பால் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடப்படும் வடிகட்டும் வேகம். இது நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்குக் கீழே 3 மாதம் நீடிப்பின் சிறுநீரக நோய் உண்டெனக் கொள்ளப்படும். 3 இலட்சத்துக்கு மேற்பட்ட இரத்தக் கொதிப்பாளரை உள்ளடக்கி 2012-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு, இவ்விரு அடையாளங்களும் இருதய நோய் மரணத்துடன் தொடர்புடையவை என நிறுவியது.

களப்பணியாளர் கருத்திற்கொள்ள வேண்டுவன சில உள. காய்ச்சல், கடும் உடலுழைப்பு, சிறுநீர்த் தொற்று ஆகியவற்றாலும் ஆல்புமின் தற்காலிகமாக மிகும். எனவே ஒரே சோதனையால் முடிவு கட்டலாகாது. காலைச் சிறுநீரைக் கொண்டு மீண்டும் சோதித்தல் நன்று. கசிவு உறுதிப்பட்டால் நோயாளியை மருத்துவரிடம் அனுப்புக. எனலாப்பிரில், லோசார்டன் போன்ற மருந்துகள் அழுத்தத்தோடு கசிவையும் குறைக்கின்றன. கருவுற்றோர்க்கு இவை ஆகா. நோயாளிகள் தாமாக மருந்தை நிறுத்துவதும், வலிநீக்கி மாத்திரைகளை அடிக்கடி உண்பதும் தீங்கு.

தொடக்கத்தில் இக்கசிவு வலியோ வீக்கமோ தருவதில்லை. ஆதலின் இரத்தக் கொதிப்புடையோர் உடல்நலத்துடன் இருப்பதாகத் தோன்றினும், ஆண்டுக்கொருமுறை இச்சோதனைகளைச் செய்துகொள்ளுதல் வேண்டும். ஆசிரியர்கள் இச்செய்தியை மாணவர் வழியே இல்லந்தோறும் சேர்ப்பிக்கலாம்.