காலைப் பார்த்து எடு

அன்புள்ள தம்பிக்கு,

திருவேங்கடத்துப் பள்ளிக்கூடக் கபடி அணியை வைத்துப் படம் எடுக்கப் போகிறாய். நடிகர்களுக்குக் கபடி சொல்லித் தருவதா, கபடி ஆடும் பையன்களுக்கு நடிப்புச் சொல்லித் தருவதா என்று கேட்டிருக்கிறாய். ஆடுகிறவனையே எடு என்பேன். குத்துச்சண்டையில் குத்துவதை ஒரு ஷாட், வாங்குவதை ஒரு ஷாட் என்று வெட்டி ஒட்டிவிடலாம். கபடியில் அது செல்லாது. கார்னரில் நிற்பவனும் பக்கத்தில் நிற்பவனும் கை கோத்திருப்பார்கள். கண்ணெல்லாம் பாடி வருபவனின் காலில். அவன் போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டியதும் ஒருவன் கணுக்காலில் விழுவான், இன்னொருவன் இடுப்பைக் கட்டுவான், மிச்சப் பேர் மேலே வந்து சரிவார்கள். அந்த நொடி ஒரே ஷாட்டில் வராவிட்டால் கரிசல் மண்ணில் ஆடிப் பழகிய ஊர்க்காரன் தியேட்டரிலேயே சிரித்துவிடுவான்.

ஆட்டக்காரனுக்கு வசனம் வராதே என்பாய். வெட்டி ஒட்ட வசதியுள்ள குத்துச்சண்டைக்கே இயக்குநர் சுதா கொங்கரா, கிக்பாக்சிங் வீராங்கனை ரித்திகா சிங்கைத்தான் தேடிப் பிடித்தார். ‘இறுதிச்சுற்று’ (2016) படத்தில் அவருக்காகத் தமிழில் ஒலித்த குரல் வேறொருவருடையது. ஆனாலும் ரித்திகாவுக்குத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. உன் பையன்களுக்கோ டப்பிங்கும் வேண்டாம், அவர்கள் பேச்சிலேயே வசனத்தை எழுதினால் போதும். ‘பைசன்’ (2025) படத்துக்காகத் துருவ் விக்ரம் நெடுநாள் கபடி பழகவில்லையா என்றால், பழகினார், பலனும் தெரிந்தது. ஆனால் வளர்ந்த நடிகர் காத்திருக்கலாம். பதினைந்து வயதுப் பையனின் முகம் காத்திருக்காது. ஜூனில் எடுத்தவனுக்கு அடுத்த மே மாதம் குரல் உடைந்து மீசை அரும்பியிருக்கும். இருக்கிற சில மாதத்தை நடிப்புக்குச் செலவிடு, கபடி ஏற்கெனவே கையில் இருக்கட்டும்.

கலந்து எடுப்பதில் தப்பில்லை. ‘சக் தே இந்தியா’ (2007) அணியில் நடிகைகளும் நிஜ ஹாக்கி ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். முன்னாள் கோல்கீப்பர் மீர் ரஞ்சன் நேகி பயிற்சி கொடுத்தார். பி.டி. வாத்தியாருக்கும் அப்பா அம்மாவுக்கும் தேர்ந்த நடிகர்களை வை. ‘வெண்ணிலா கபடி குழு’வில் (2009) ரெய்டைவிட நடிகர் சூரி பரோட்டா தின்னும் காட்சிதான் பலருக்கு நினைவிருக்கிறது, சிரிப்புக்கு அப்படி ஓர் ஆள் வேண்டியதுதான், ஆனால் ஏழு பேரும் அப்படி இருக்கக் கூடாது. ஒன்று மட்டும் கவனம்: பதினான்கு வயது நிரம்பாதவர்களை நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கச் சட்டம் இடம் தராது, கலெக்டர் அனுமதியும் வாங்க வேண்டும்.

ஆடிஷன் என்று பையன்களைச் சென்னைக்கு வரவழைக்காதே. சாயங்காலம் பள்ளி மணி அடித்த பிறகு மைதானத்து ஓரமாக ஒரு வாரம் சும்மா உட்கார். கேமராவை எடுத்துக்கொண்டு போகாதே.